மாடிக் கிடங்கிலிருந்து ஐந்து டயர்கள்

ஜனவரி 6

அன்புத் தம்பிக்கு அண்ணன் எழுதுவது. நான் நலம். நீயும் உன் வீட்டில் எல்லோரும் நலமா? உன் முழங்கால் வலி குறைந்திருக்கிறதா?

இதைப் பார்த்ததும் யாரோ எழுதிக் கொடுத்தது என்று நினைப்பாய். இல்லை. என் கையால் நானே எழுதுகிறேன், எழுபத்திரண்டு வயதில். நூலகத்தில் மாலை வகுப்பு நடக்கிறது. ஒன்பது மாதமாகப் போகிறேன். நூலக அம்மா என்னைக் கடைசி பெஞ்சில்தான் உட்கார வைக்கிறார். முன்னால் உட்கார்ந்தால் நிறையக் கேள்வி கேட்கிறேனாம். இந்தக் கடிதத்துக்கு நான்கு நாள் ஆகிறது.

கண்ணில் படுவதையெல்லாம் வாசிக்கிறேன். இருமல் மருந்துப் புட்டி, பஸ் பலகை, சோப்பு சுற்றிய காகிதம் எதையும் விடுவதில்லை. என் மெக்கானிக் பட்டறைக்கு எதிர் மதிலில் முப்பது வருஷமாக என் சைக்கிளைச் சாத்தி வைத்தேனே, அந்த மதிலில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? 'இங்கே சைக்கிள் நிறுத்தக் கூடாது.' அங்கேயே நின்று சிரித்தேன். நீ எத்தனை தடவை என்னோடு அங்கே நின்று பேசியிருக்கிறாய். ஒரு வார்த்தை சொல்லவில்லையே, படுபாவி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பல் டாக்டர் போன வருஷம் காலமானது உனக்குத் தெரியும். அவருடைய இங்கிலீஷ் வண்டியை, அந்த இரண்டு பேர் உட்காரும் திறந்த வண்டியை, டாக்டரம்மா எனக்கே கொடுத்துவிட்டார். "எட்டு வருஷமா அவர் அந்த ஷெட் பக்கமே போகல, நீங்களே கொண்டு போயிடுங்க" என்றார். டயர் மாற்றியதும் ஓட்டிப் பார்க்கிறேன் என்று என் மகன் கடைசியாக எடுத்துப் போன வண்டி. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் பேத்தி ஒற்றைக் காலில் நிற்கிறாள். அப்பா ஓட்டின வண்டியாம். மே மாதம் பத்தொன்பதாம் தேதி அவளுக்குக் கல்யாணம். முடிந்ததும் அவளே ஓட்டிக்கொண்டு, மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, மலைப்பாதையில் அவன் வேலை பார்க்கும் ஊருக்குப் போக வேண்டுமாம்.

எஞ்சினைப் பிரித்துச் சேர்த்துவிட்டேன். மூக்கில் இருந்த நசுங்கலை எடுத்துவிட்டேன். இனி ஐந்து டயர் வேண்டும், ஸ்டெப்னியோடு சேர்த்து. டயர் என்றால் எனக்கு உன்னைத் தவிர யாரைத் தெரியும்? எது நல்லது என்று நீயே தேர்ந்து சொல்.

இப்படிக்கு,
உன் அண்ணன் (கையெழுத்தும் என்னுடையதே)


ஜனவரி 20

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு, தம்பி எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் சுகம். அங்கு உங்கள் சுகத்தையும் இருமலையும் பற்றித் தெரியப்படுத்தவும்.

உங்கள் கடிதத்தைக் கண்டு ஆச்சரியப்பட்டேன். சந்தோஷம். ஆனால் இந்த வயதில் கண்ணையும் கையையும் வருத்திக்கொள்ள வேண்டாம். போனில் பேசினால் போதும்.

அந்த வண்டியைப் பற்றி என் யோசனை ஒன்றுதான். விற்றுவிடுங்கள். அந்த அளவில் டயர் கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் அது நம் வீட்டுக்கு ராசியில்லாத வண்டி. பேத்திக்கு வேறு நல்ல வண்டி வாடகைக்கு எடுத்துக் கொடுப்போம், அது என் பொறுப்பு.

தங்கள் தம்பி


பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு, நலம். இருமல் இருக்கிறது, நானும் இருக்கிறேன். நீ நலமா?

போனில் பேச மாட்டேன். நீ மருமகள் வீட்டுக்கு மூன்று தடவை போன் செய்து என்னைக் கேட்டதாகப் பேத்தி சொன்னாள். போனில் பேசினது காற்றோடு போய்விடும். உன் கடிதத்தை நான் ஆறு தடவை வாசித்தேன். ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தைகள் அதே இடத்தில் இருக்கின்றன. இந்தச் சந்தோஷம் சின்ன வயதிலேயே பள்ளிக்கூடம் போன உனக்குப் புரியாது.

விற்கச் சொல்கிறாய். பேத்தியிடம் சொன்னேன். அவள் முகம் அப்படியே அவள் அப்பன் முகம் போல ஆனது.

ஆகவே டயருக்கு வருவோம். இப்போது வண்டியில் இருப்பவை நீ கொண்டுவந்து கொடுத்து நான் மாட்டிய பழைய செட்டுதான், வெடித்த ஒன்றைத் தவிர. பக்கவாட்டில் வாய் பிளந்து கிடக்கின்றன. விரல் நுனி உள்ளே போகிறது. நூல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் பழைய வகை அது. வண்டி பிறந்தபோது அதைத்தான் போட்டார்களாம். பார்க்க லட்சணமாக இருக்கும். இப்போதைய வகையான ரேடியல் போட்டால் வளைவில் சாலையைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் ஸ்டியரிங் கொஞ்சம் கனக்கும் என்கிறார்கள். எதுவானாலும் கம்பிச் சக்கரம் என்பதால் டியூப் கட்டாயம் வேண்டும். மலையில் பேத்தி ஓட்டப் போகிறாள், அவள் அப்பன் உயிர் விட்ட பதினோராம் வளைவையும் தாண்டித்தான் போக வேண்டும். அதை நினைத்துக்கொண்டு தேர்ந்து சொல்.

அவளிடம் ஒன்றை மட்டும் தினமும் சொல்கிறேன்: "உங்கப்பன் மாதிரி வேகமாப் போகாதே." அவள் அம்மாவும் இதே வார்த்தைக்காகத்தான் என் வீட்டை விட்டுப் போனாள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்


பிப்ரவரி 24

அன்புத் தம்பிக்கு, நலம். உன் நலம் அறிய ஆவல்.

பதில் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன், பார்சலே வந்துவிட்டது. ஐந்து டயர். கூடவே உன் மகன் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதியிருந்தான்: 'பெரியப்பா, அப்பா வெளியூர் போயிருக்கிறார். நீங்கள் கேட்ட அளவு மாடிக் கிடங்கில் சரியாக ஐந்து இருந்தது. அண்ணன் மகள் கல்யாணத்துக்கு என் அன்பளிப்பு.' நல்ல பிள்ளை. எல்லாவற்றையும் தடங்கல் இல்லாமல் ஒரே மூச்சில் வாசித்தேன்.

டயர்கள் புத்தம் புதிதாக இருக்கின்றன. ரப்பர் முடிகள்கூட அப்படியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒரு மைல் ஓடாத டயர். ஆனால் புது டயர் வாசனை இல்லை. நகத்தை வைத்து அழுத்தினால் பதியவில்லை, பலகை மாதிரி இருக்கிறது. நல்ல சரக்குக்கு இப்படித்தான் இருக்குமோ?

இன்னொரு வேடிக்கை. எண்கள் எனக்கு முன்பே தெரியும், காற்று அளவு பார்க்க வேண்டுமே. இதில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கின்றன: 0902. வண்டியில் கிடக்கும் பழைய டயர்களைத் துடைத்துப் பார்த்தேன். அவற்றிலும் 0902. புதிய ஐந்துக்கும் பழைய நான்குக்கும் ஒரே எண். இத்தனை வருஷம் அதன் மேல் சோப்புத் தண்ணீர் தடவியிருக்கிறேன், என்ன என்று கேட்டதில்லை. அது என்ன எண்?

இப்படிக்கு,
உன் அண்ணன்


பிப்ரவரி 27

அண்ணனுக்கு, நலம்.

அந்த டயர்களை மாட்ட வேண்டாம். என் மகன் தெரியாமல் அனுப்பிவிட்டான். அவை வேறொருவருக்காக எடுத்து வைத்தவை. அதே லாரியில் திருப்பி அனுப்பிவிடுங்கள், செலவு என்னுடையது. நல்ல ரேடியலாக வேறு ஐந்து அனுப்புகிறேன்.

எண் ஒன்றும் இல்லை. தொழிற்சாலையில் போடுவது. எல்லா டயரிலும் இருக்கும்.

தம்பி


மார்ச் 13

அன்புத் தம்பிக்கு, நான் நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? கையெழுத்து ஆடியிருக்கிறதே.

உன் முதல் கடிதத்துக்குப் பதினான்கு நாள் ஆனது. இது மூன்றே நாளில் வந்துவிட்டது. தபால்காரர்கள் சுறுசுறுப்பாகிவிட்டார்கள்.

நூலகத்தில் மோட்டார் வண்டிப் பராமரிப்பு என்று தடித்த புத்தகம் ஒன்று இருக்கிறது. நூலக அம்மா எனக்காகத் தேடி எடுத்தார். டயர் பக்கத்துக்கு வர ஒரு வாரம் ஆனது. கட்டத்துக்குள் இருக்கும் நான்கு எண்கள், டயர் பிறந்த தேதியாம். முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் வருஷம். 0902 என்றால் இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம் ஒன்பதாவது வாரம். டயர் ஓடாமல் கிடந்தாலும் வயதாகுமாம். மேலே மினுமினு என்று இருக்கும், உள்ளே பிடிப்பு விட்டுப்போகுமாம். பத்து வருஷத்துக்கு மேல் ஆனதை மாட்டவே கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. அந்த வரியை நூலக அம்மாவைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். நான் தப்பாக வாசிக்கவில்லை.

அப்படியானால் என் மகன் ஓட்டியபோது அந்த டயருக்குப் பதினான்கு வயது. நீ காகிதம் சுற்றிக் கொண்டுவந்து வைத்தாய். இந்த மாதம் வந்த சரக்கு என்று நீதான் சொன்னாய். நான்தான் என் கையால் மாட்டினேன்.

உனக்கு விற்றவன் யாரோ உன்னை ஏமாற்றியிருப்பான். அப்படித்தானே?

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. அடக்கம் முடிந்த மறுநாள் நீ வெடித்த டயரைக் கையோடு எடுத்துக்கொண்டு போனாய். "இது உங்க கண்ணுல படவே கூடாதுண்ணா" என்றாய். உனக்கிருக்கும் பாசத்தைப் பார்த்து அன்றைக்கு அழுதேன். அது இப்போது எங்கே இருக்கிறது?

இப்படிக்கு,
உன் அண்ணன்


ஏப்ரல் 2

அன்புத் தம்பிக்கு, நலம். உன்னிடமிருந்து பதில் இல்லை. நீ அனுப்புவதாகச் சொன்ன ரேடியலும் வரவில்லை. அது பரவாயில்லை. பேத்தியே விசாரித்து வேறு ஊரிலிருந்து ஐந்து ரேடியல் வரவழைத்துவிட்டாள். கட்டத்தில் பார்த்தேன், இந்த ஜனவரியில் பிறந்தவை. நகம் வைத்தால் பதிகிறது. வாசனையும் இருக்கிறது. உன் டயர்களை ஓரமாக அடுக்கி வைத்திருக்கிறேன்.

நான் இப்போது வீட்டில் இருக்கும் காகிதங்களையெல்லாம் வாசிக்கத் தொடங்கியிருக்கிறேன். தகரப் பெட்டியைத் திறந்தேன். ரேஷன் அட்டை, என் மகனின் பள்ளிச் சான்றிதழ். (மூன்றாம் வகுப்பில் கணக்கில் தொண்ணூறு வாங்கியிருக்கிறான், எனக்குத் தெரியாது.) அடியில் அந்தக் காகிதம் இருந்தது. விபத்தான வண்டியைப் பார்த்த மோட்டார் ஆய்வாளர் எழுதினது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ எனக்கு வாசித்துக் காட்டி, "மடிச்சு வைங்கண்ணா, திரும்பப் பார்க்காதீங்க" என்று பையில் திணித்தாயே, அதுதான். நீ சொன்னபடி ஒருநாளும் பிரிக்கவில்லை. யாருக்கும் காட்டவும் இல்லை.

பதினொரு வரி இருக்கிறது. ஆபீஸ் தமிழ், வாய்க்குள் நுழையாத வார்த்தைகள். ஒரு நாளைக்கு ஒரு வரிக்கு மேல் முடியவில்லை. நான்கு வரி முடித்திருக்கிறேன். வண்டியின் நிறம், எண், வளைவு, நேரம். இன்னும் ஏழு வரி இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அண்ணன்


ஏப்ரல் 5

அண்ணா,

அந்தக் காகிதத்தை வாசிக்காதீர்கள். அந்த நாளைத் திரும்பக் கிளறுவது உங்கள் மனதுக்கும் உடம்புக்கும் ஆகாது. மடித்து வையுங்கள். கல்யாணத்துக்கு வரும்போது நானே உட்கார்ந்து வாசித்துக் காட்டுகிறேன். அதுவரைக்கும் பொறுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 16

தம்பிக்கு, நலம். நீ நலமா?

உன் கடிதம் வந்தபோது நான் எட்டாவது வரியில் இருந்தேன்.

ஏழாவது வரியிலிருந்து உனக்காகப் பார்த்து எழுதுகிறேன். தப்பு இருந்தால் சொல். 'வலது முன் டயர் மிகப் பழமையானது. மேல்தோல் உட்புறத்திலிருந்து பிரிந்து வெடித்துள்ளது. சாலையில் உள்ள தடங்களின்படி வண்டி மிதமான வேகத்திலேயே சென்றுள்ளது. ஓட்டுநர் மீது தவறு ஏதும் காணப்படவில்லை.'

மிதமான என்பதற்கு நூலக அம்மாவிடம் அர்த்தம் கேட்டேன். அளவான, மெதுவான என்று சொன்னார். எதற்காகக் கேட்கிறீர்கள் என்றார். ஒரு கடிதத்துக்காக என்றேன்.

அந்த வராந்தா பெஞ்சு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீ விரலை வைத்து வரி வரியாக வாசித்தாய். நான் எழுத்தைப் பார்க்கவில்லை, பார்த்தால் என்ன தெரியும், உன் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிக் காகிதத்தில் விரல் நின்றது. பிறகு நீ காகிதத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாய்: "அதிவேகம்னு போட்டிருக்குண்ணா."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினேன். மருமகளைக் கூப்பிட்டு, உன் புருஷன் தன் திமிரால்தான் செத்தான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அந்தப் பெண் பதினாறு வயது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

நேற்று அவள் வீட்டுக்குப் போனேன். காகிதத்தை நானே நின்று வாசித்துக் காட்டினேன். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. முடித்ததும், "கோழி ரோட்டைக் கடந்தாக்கூட நின்னு போறவரு மாமா அவரு. எட்டு வருஷமா நான் சொன்னேன். காகிதம் சொன்னாத்தான் நம்புவீங்களா?" என்றாள். அவ்வளவுதான். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

படத்தைத் திரும்ப மாட்டிவிட்டேன். கண்ணாடிக்குள் பூச்சி போயிருக்கிறது.

உன்னை ஒன்றே ஒன்று கேட்கிறேன். டயரைக் கொண்டுவந்தபோதே அதன் வயது உனக்குத் தெரியுமா?

அண்ணன்


ஏப்ரல் 25

அண்ணன் அவர்களுக்கு,

தெரியும்.

மூடிப்போன ஒரு கடையிலிருந்து மொத்தமாக வந்தது. பத்து டயர். பழையது என்று தெரிந்துதான் எடுத்தேன். மெழுகு போட்டுத் துடைத்ததும் பளபளவென்று ஆகிவிட்டது. காகிதத்தை நான்தான் சுற்றினேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வருகிற வண்டிக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். நம் பிள்ளை அதை மலைக்கு எடுத்துப் போவான் என்று நினைக்கவில்லை.

வராந்தாவில் உண்மையைத்தான் வாசிக்கத் தொடங்கினேன். டயர் என்ற வார்த்தை வந்ததும் வாய் வேறு சொல்லைச் சொல்லிவிட்டது. நீங்கள் தலையாட்டினீர்கள். அதற்கப்புறம் மாற்றிச் சொல்ல எட்டு வருஷம் இருந்தது. சொல்லவில்லை. வெடித்த டயரை எடுத்துப் போன அன்றைக்கே ஆற்றுப் பாலத்திலிருந்து போட்டேன். மீதி ஐந்தை ஏன் கிடங்கிலேயே விட்டு வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. மாடிக்கு நான் போவதே இல்லை.

நீங்கள் வேலைக்குப் போய்த்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். அதை நினைத்தால் இதற்கு மேல் எழுத வரவில்லை.

மே ஐந்தாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். நீங்கள் என்ன செய்தாலும் சரி.

தம்பி


மே 1

தம்பிக்கு,

நான் நலம். இருமல் நின்றுவிட்டது. நீ நலமாக வந்து சேர வேண்டும்.

உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். முதல் வார்த்தையை எழுத்துக் கூட்ட வேண்டியிருக்கவில்லை. உன் கையெழுத்து சின்ன வயதிலிருந்தே அழகு. நீ சிலேட்டில் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கும் சேர்த்து நீ வாசிப்பாய் என்று நினைத்துக்கொள்வேன்.

ரயிலிலிருந்து இறங்கி ஆட்டோ பிடிக்காதே. ஸ்டேஷன் வாசலில் நான் நிற்பேன். வண்டி தயாராகிவிட்டது, இங்கிலீஷ் வண்டி. சுட்ட செங்கல் நிறம் அடித்திருக்கிறேன், தூரத்திலிருந்தே தெரியும். பேத்தியின் ரேடியல்கள் உறை பிரிக்காமல் அவள் அறையில் இருக்கின்றன. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் அவற்றை மாட்டுவேன். அதில் அவளுக்கு ஒரு குறையும் வராது.

இப்போது வண்டியில் நீ அனுப்பியவை இருக்கின்றன. நேற்று நான்கையும் மாட்டினேன், ஐந்தாவது ஸ்டெப்னி. காற்றை இரண்டு தடவை சரிபார்த்தேன். சக்கரங்களின் நடு நட்டுகளைச் சுத்தியலால் தட்டி இறுக்கிவிட்டேன். மினுமினு என்று இருக்கின்றன, நீயே பார்.

ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் பத்து நிமிஷம்தான். நாம் அந்த வழியாகப் போக வேண்டாம். மலையைச் சுற்றி வருவோம். அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்திருப்பேன். பதினோராம் வளைவுக்கு முன்னால் உன் கையில் தருகிறேன். வண்டி ஓடும்போதே நீ சத்தமாக வாசிக்க வேண்டும், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும். காற்று சத்தமாக இருக்கும், திறந்த வண்டி. எனக்குக் கேட்கும்படி வாசி.

வர முடியாது என்றால் ஒரு வரி எழுது. நான் வாசித்துக்கொள்வேன்.

வளைவை நினைத்துப் பயப்படாதே. நான் மெதுவாகத்தான் ஓட்டுவேன். அவனும் மெதுவாகத்தான் ஓட்டினான்.

அண்ணன்